திருடு போன தானம்

அத்தியாயம் 4

“ஏனுங்க, இது ஆராய்ச்சி சோபாங்களா? உக்காந்தா ரிசல்ட்டு ஏதும் கெட்டுப்போயிருமுங்களா?”

மரியஜோசப் கேட்டதில் தப்பில்லை. சோபாவின் முதுகில் ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அதே அட்டை டிவியில் இருந்தது. மீன் தொட்டியில் இருந்தது. வாசலில் படுத்திருந்த லாப்ரடார் நாயின் கழுத்திலும் தொங்கியது. நாய் ஆராய்ச்சியில் ஆழ்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“உட்காருங்க, உட்காருங்க,” என்றார் விஜயகுமார். ஏற்காடு சோலைமணி காபி ஆராய்ச்சி அறக்கட்டளையின் இயக்குநர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முகத்தில் துக்கம், அதுவும் இஸ்திரி போட்டதுதான். “ஆராய்ச்சிக்குச் செய்யற செலவுல பாதியை அரசாங்கம் மானியமா திருப்பிக் கொடுக்குது. எது ஆராய்ச்சிப் பொருள்னு அடையாளம் வேணும் இல்லையா?”

“அப்ப நாயி பாதி கெவர்மெண்ட்டு நாயிங்க. எந்தப் பாதிங்க சார்? குலைக்கிற பாதியா, திங்கிற பாதியா?”

“ஏனுங்ணா, சும்மா இருங்க,” என்றாள் சுதாராணி, தானும் சிரிப்பை அடக்கியபடி.

சுதாராணிக்கு முப்பது வயது. சேலத்தில் ஒரு டயர் கடை மாடியில் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறாள். மரியஜோசப்புக்கு ஐம்பத்து நான்கு. சேலம் - ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, மேலதிகாரிகளிடம் வாய் நீண்டதால் வெளியே வந்தவர். இப்போது சுதாராணியின் உதவியாளர், டிரைவர். ஏஜென்சியே தன்னால்தான் ஓடுகிறது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

வழக்கு இதுதான். கிளியூர் மக்கள் இந்த அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்த ஐந்நூறு காபி நாற்றுகள் முந்தாநாள் இரவு காணாமல் போய்விட்டன. நாற்றங்கால் வாட்ச்மேன் சித்தனைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவரைச் சேலத்துக்குக் கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். உள்ளே போனால் வேலை போகும். வேலை போனால் அதோடு கொடுத்த எஸ்டேட் லைன் வீடும் போகும். அவருடைய மனைவி அருக்காணி நேற்று பஸ் பிடித்துச் சேலம் வந்து, டயர் கடை மாடி ஏறி, “எங்கூட்டு மனுசன் திருடலீங்க” என்று ஒரே ஒரு வாக்கியத்தை அழுதுகொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“ஐந்நூறு நாத்துக்கு இவ்வளவு பெரிய கேஸா சார்?” என்றாள் சுதாராணி.

“சாதாரண நாத்து இல்ல. ஆராய்ச்சி நாத்து. ஒண்ணோட மதிப்பு ரெண்டாயிரம்.”

“யாரு மதிச்சது?”

“நாங்கதான்.” விஜயகுமார் கூச்சப்படவே இல்லை. “மக்கள் எங்களுக்கு எதைத் தானமாக் கொடுத்தாலும், அதே மதிப்புக்கு அரசாங்கம் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுக்கும். ஜனங்க ஒண்ணு கொடுத்தா, அது ரெண்டாகும். இந்தத் திட்டம் வந்த பிறகு மலையில தர்ம சிந்தனை எப்படிப் பெருகியிருக்கு பாருங்க!”

சுவரில் மூன்று பெரிய போட்டோக்கள். தலைச்சோலை, கிளியூர், செம்மநத்தம். மூன்றிலும் சால்வை போர்த்திய ஊர்மக்கள், முன்னால் வரிசையாக நாற்றுப் பைகள். தலைச்சோலை நாற்று ஒரு சாண். கிளியூர் நாற்று முழங்கால் உயரம். செம்மநத்தம் நாற்று அதற்கும் மேலே.

“ஊருக்கு ஊர் உயரமாகுதே?”

“அதுதான் எங்க ஆராய்ச்சியோட முன்னேற்றம்! மானிய ஆபீஸ் சாரா மேடமே பார்த்து அசந்துட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் செம்மநத்தத்துல அவங்க இன்ஸ்பெக்‌ஷன். முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு ஊர் பார்ப்பாங்க. இந்த வாட்டி மூணு ஊரையும் ஒரே நாள்ல பார்க்கணும்னு போன வாரம் லெட்டர் போட்டாங்க. இந்த நேரம் பார்த்துத் திருட்டு! தலைச்சோலை நாத்து ஏற்கெனவே அழுகல் நோய் வந்து எரிச்சாச்சு. இப்ப இது.” கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கைக்குட்டையில் அட்டை இல்லை. துவைக்கும்போது கழன்றிருக்கலாம்.

* * *

கிளியூர் நாற்றங்கால் என்பது பச்சை வலை போர்த்திய நீளமான கொட்டாய். சுற்றிலும் வலை, அதற்குள் இன்னொரு சுற்று சாக்குப் படுதா. வாசலில் பூட்டு பத்திரமாகத் தொங்கியது. பக்கவாட்டில் வலை கிழிந்திருந்தது. ஒரு ஆடு கஷ்டப்பட்டு நுழையலாம்.

“இந்த ஓட்டையில ஐந்நூறு பையை எடுத்திருக்காங்க,” என்றாள் சுதாராணி.

“ஒவ்வொண்ணா குனிஞ்சு எடுத்தா இடுப்பு ஒடிஞ்சு இன்னேரம் ஆஸ்பத்திரில இருப்பான் அம்மிணி. அங்க போய்த் தேடலாம்.”

அருக்காணி அங்கேயே காத்திருந்தாள். தலையில் துண்டு, கண் வீங்கியிருந்தது.

“வாங்க கண்ணு. அவரு காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலீங்களாம். திருடன்னு சொன்னதைக்கூடத் தாங்கிக்குவாருங்க. காவல்காரன் தூங்கிட்டான்னு சொன்னாங்களாம், அதுதான் அவருக்கு நொம்ப வெசனம்.”

“அக்கா, இந்த நாத்தை நீங்க எல்லாம் தானமாக் குடுத்தீங்களா?”

“ஆமாங்க. வைகாசியில டெம்போவுல கொண்டாந்து எறக்குனாங்க. ஆளுக்கு நாலஞ்சு பையை எங்க கையில குடுத்தாங்க. நாங்க அதை அந்த விஜயகுமாரு சாரு கையிலயே திருப்பிக் குடுத்தமுங்க. அதுக்குப் பேருதான் தானமாமுங்க. சால்வை போட்டு, பிரியாணி போட்டாங்க.”

“வாங்கின கையோட வள்ளலாயிட்டீங்க,” என்றார் மரியஜோசப்.

“என்னமோ போங்க. ஆனா நம்ம கையால குடுத்த செடி பட்டுப்போகக் கூடாதுங்களே? அதனால கண்ணு படாம இருக்கட்டும்னு ஊட்டுக்கு ஊடு முட்டை ஓடு கொண்டாந்து, பைக்கு ஒண்ணு கவுத்து வெச்சமுங்க.”

“அப்புறம் உள்ள போய்ப் பாத்தீங்களா?”

“எங்கீங்க? வெளிச்சம் பட்டா ஆராய்ச்சி கெட்டுப்போயிருமுன்னு படுதா கட்டிட்டாங்க. சாவி அவங்ககிட்ட. எங்க ஆளுக்கே உள்ள போக அனுமதி இல்ல. மழையில வெளிய நின்னு சுத்திச் சுத்தி வருவாருங்க.”

மரியஜோசப் கிழிசலைக் கொஞ்சம் பெரிதாக்கினார். தன் தொப்பைக்கு வேண்டிய அளவு. மூவரும் உள்ளே நுழைந்தார்கள்.

உள்ளே புல். கணுக்கால் உயரத்துக்கு, ஒரு இடம் விடாமல், ஒரே சீராக.

“ஆஹா,” என்றார் மரியஜோசப். “திருடன் நாத்தை எடுத்துட்டு, வெறும் எடமா இருந்தா நல்லாருக்காதுன்னு புல்லை நட்டுட்டுப் போயிருக்கான். நல்ல மனசு. அவனுக்கும் ஒரு சால்வை போடோணும்.”

சுதாராணி குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தாள். பை நெருக்கமாக நின்ற இடத்தில் இரண்டு ராத்திரியில் புல் இப்படி வளராது. முந்தாநாள் வரை இங்கே நாற்று இருந்தது என்றால், அது புல்லின் மேல் மிதந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

“அண்ணா, நாத்து போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. திருட்டு நடந்தது அப்ப. புகார் குடுத்தது இப்ப. கொண்டாந்த டெம்போ யாருதுங்க அக்கா?”

“ஏசுராசு டெம்போங்க.”

மரியஜோசப் போனை எடுத்தார். மலையில் ஓடும் எந்த வண்டியையும் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி உண்டு: வழிவிட வேண்டி வந்த பஸ் டிரைவரைக் கேட்பது. கைக்குட்டை அகலத்துக்கு ரோடு போட்ட மலையில் யாரோ ஒருவர் பின்னால் போய்த்தான் ஆகவேண்டும். பின்னால் போனவன் அதைச் சாகும்வரை மறக்க மாட்டான்.

“டேய் மாதேசு! ஏசுராசு டெம்போ நாத்து ஏத்திக்கிட்டு எங்கியாச்சும் எதுத்தாப்புல வந்தானாடா? ... அப்படியா? ... அரை கிலோமீட்டரா? ... வைடா, வைடா, திட்டறதை அவன்கிட்ட நேரா திட்டு.” போனை அணைத்தார். “ஆடி மாசம் ஒரு விடியக்காலை. செம்மநத்தம் ரோடு. டெம்போ நெறைய நாத்து. நம்ம மாதேசு பஸ்ஸை அரை கிலோமீட்டரு ரிவர்ஸுல கொண்டுபோயிருக்கான். இன்னும் கழுத்து வலி போகலையாம்.”

“செம்மநத்தம்,” என்றாள் சுதாராணி. “மேடம் இப்ப அங்கதான் வர்றாங்க. ஏறுங்க.”

* * *

ஆம்னி வேன் பனிக்குள் திணறிக்கொண்டு போனது. பின் சீட்டில் அருக்காணி கையைப் பிசைந்தபடி இருந்தாள். வழியில் ஒரு வெள்ளை வேன், சக்கரம் இல்லாமல், நாலு செங்கல் அடுக்கின்மேல் நின்றது. பக்கவாட்டில் சிவப்பு எழுத்து அழிந்துகொண்டிருந்தது.

“அதென்ன வண்டி அண்ணா?”

“மலை ஆஸ்பத்திரி வேன் அம்மிணி. போன வருசம் வரைக்கும் எஸ்டேட்டு ஓனருங்க எல்லாம் சேந்து இதுக்கு டீசல் போட்டாங்க. அறக்கட்டளைக்குக் குடுத்தா டபுளு ஆகுமுன்னு தெரிஞ்சதும் மொத்தமா அந்தப் பக்கம் தாவிட்டாங்க. தர்மம் ஒண்ணும் பெருகல. வண்டி மாறி ஏறிருச்சு.” ஒரு வளைவை ஒடித்தார். “இனிமே பிரசவ வலின்னு யாராச்சும் வந்தா, ஆளுக்கு ஒரு நாத்தைக் குடுத்து அனுப்புவாங்களாட்ட இருக்குது.”

* * *

செம்மநத்தம் நாற்றங்காலில் திருவிழாக் கூட்டம். நடுவில் மானிய அதிகாரி சாரா, ரெயின்கோட்டும் களைப்புமாக நின்றிருந்தார். பக்கத்தில் விஜயகுமார். சற்றுத் தள்ளி எஸ்.ஐ. சத்யராஜ், வாட்ச்சைப் பார்த்தபடி. ஓரமாக நின்ற டெம்போவில் சாய்ந்துகொண்டு ஏசுராஜ், பார்க்கக் கூடாத எதையோ பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

முன்னால் ஐந்நூறு நாற்று, கொழுகொழுவென்று.

சுதாராணி நேராகப் போனாள். “மேடம், நான் சித்தன் சார்பா வந்த டிடெக்டிவ். திருடு போன கிளியூர் நாத்து இதுதான். ஆடி மாசம் ஏசுராஜ் டெம்போவுல இங்க வந்திருக்கு.”

விஜயகுமார் புன்னகைத்தார். அது நல்ல அறிகுறியாகப் படவில்லை.

“அப்படியா? ஊர்க்காரங்களையே கேளுங்களேன்.”

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். பேர் சுகுணா. குரல் அடுத்த மலைவரைக்கும் கேட்டது.

“ஏனுங்க அம்மிணி, எங்க நாத்தைத் திருட்டு நாத்துங்கறீங்களா? ஆடி வெள்ளியில எங்க கையால குடுத்ததுங்க! நல்லா வரோணுமுன்னு அம்மனுக்கு வேண்டி ஒவ்வொரு செடிக்கும் மஞ்சக்கயிறு கட்டுனோமுங்க. கண்ணு தெரியுதுங்களா?”

தெரிந்தது. ஐந்நூறு தண்டிலும் ஐந்நூறு மஞ்சள் கயிறு.

“நம்ம கேஸுக்கே கயிறு கட்டிப்போட்டாங்களே,” என்று முணுமுணுத்தார் மரியஜோசப்.

“என்னம்மா டிடெக்டிவ்,” என்றார் சத்யராஜ். “முடிஞ்சுதா? நாலு மணிக்கு நான் அக்யூஸ்டைக் கூட்டிட்டுக் கெளம்பணும்.”

அருக்காணி வாய்மேல் துண்டை வைத்து அழுத்திக்கொண்டாள். சுதாராணி குத்துக்காலிட்டு, பக்கத்திலிருந்த பையின் மண்ணுக்குள் விரலை விட்டாள். வெள்ளையாக ஏதோ நொறுங்கி வந்தது.

“முட்டை ஓடு!” அருக்காணி கத்தினாள். “நாங்க வெச்சதுங்க! கிளியூர்ல வெச்சதுங்க!”

“முட்டை ஓடு நல்ல உரம் மேடம்,” என்றார் விஜயகுமார், ஒரு நொடிகூடத் தடுமாறாமல். “சுண்ணாம்புச் சத்து. நாங்க எல்லா ஊர்லயும் போடறோம். இதுவும் ஆராய்ச்சிதான்.”

சாரா தலையாட்டினார். சத்யராஜ் ஜீப் சாவியை எடுத்தார்.

மரியஜோசப் கேலியை நிறுத்தியிருந்தார். அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். அவர் இன்னொரு பையைக் கிளறிக்கொண்டிருந்தார், கொஞ்சம் ஆழமாக. கை வெளியே வந்தபோது விரல்களுக்கு நடுவில் காய்ந்து பழுப்பேறிய ஒரு ஓலைத் துண்டு. மடித்து முடைந்த சின்னச் சிலுவை. அவர் முதலில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம்தான் வாய் திறந்தது.

“முட்டை ஓடு ஒரமுங்க, சரி. குருத்தோலைச் சிலுவை எந்த ஒரமுங்க சார்?”

விஜயகுமாரின் முகத்தில் இஸ்திரி கலைந்தது.

“தலைச்சோலையில என் தங்கச்சி ஊடு இருக்குதுங்க மேடம். குருத்தோலை ஞாயிறு கழிஞ்ச வாரம் அங்க நாத்து தானம் நடந்துச்சு. கோயில்ல மந்திரிச்ச ஓலையில சிலுவை செஞ்சு, பைக்கு ஒண்ணு குத்தி வெச்சாங்க. என் தங்கச்சியே அம்பது செஞ்சா. அந்த நாத்து எல்லாம் அழுகிப்போச்சு, எரிச்சாச்சுன்னு சார் சொன்னாரு. எரிஞ்ச நாத்து எந்திரிச்சு வந்து மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டு நிக்குது. ஈஸ்டர்ல இதெல்லாம் நடக்கறதுதான். ஆனா ஐந்நூறு பேரு ஒரே நேரத்துல எந்திரிச்சது இதுதான் மொதத் தடவை.”

அடுத்த பையிலும் சிலுவை. அதற்கடுத்த பையிலும். மேலே அம்மன் கயிறு, நடுவில் திருஷ்டி ஓடு, அடியில் குருத்தோலை.

சுதாராணி திரும்பினாள். “ஏசுராஜ் அண்ணா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

ஏசுராஜ் டெம்போவிலிருந்து நிமிர்ந்தார். “எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு ஏத்துன்னு சார் சொன்னாருங்க. மந்திரிச்ச ஓலையைக் குப்பையில போடச் சொல்றீங்களா? என் கை வரலீங்க. மண்ணுக்குள்ள அமுக்கிட்டேன். முட்டை ஓட்டை எடுத்து எறிஞ்சா திருஷ்டி நம்ம தலைக்கு வந்துருமுன்னு லோடுமேன் தொடவே மாட்டேன்னுட்டான். நொறுக்கி மண்ணைப் போட்டு மூடிட்டோம். தலைச்சோலையில இருந்து கிளியூரு, கிளியூர்ல இருந்து இங்க. எல்லாம் ஒரே நாத்துங்க.”

“ஒரே நாத்தா?” சாராவின் குரல் கீழே இறங்கியது.

“ஒரே ஐந்நூறு, மூணு தானம், மூணு மானியம்,” என்றாள் சுதாராணி. “ஆபீஸ் சுவத்துல மூணு போட்டோ இருக்கு மேடம். ஊருக்கு ஊர் செடி உயரமாகும். ஆராய்ச்சி முன்னேற்றமாம். செடி ஊர் சுத்திப் பாக்கப் போன வழியில அதும்பாட்டுக்கு வளந்திருக்கு, அவ்வளவுதான். அதைத் தடுக்க சாருக்கு வழி தெரியல. நீங்க மாசத்துக்கு ஒரு ஊர் பாத்த வரைக்கும் பிரச்சினை இல்ல. மூணையும் ஒரே நாள்ல பாக்கறேன்னதும் ரெண்டு ஊரு நாத்தைக் காணாமப் போக்கணும். ஒண்ணுக்கு நோய்னு கணக்குக் காட்டியாச்சு. ரெண்டாவதுக்கும் அதே நோய்னா நீங்க மண்ணை டெஸ்டுக்கு அனுப்புவீங்க. அதனால திருடன் தேவைப்பட்டான்.”

“மேடம்,” விஜயகுமார் கடைசியாக ஒருமுறை நிமிர்ந்தார். “மூணு ஊர் ஜனங்களும் மனசாரக் கொடுத்தது நிஜம்தானே? தர்மத்தைச் சந்தேகப்படலாமா?”

“அவங்க கொடுத்தது நிஜம்,” என்றார் சாரா. “நீங்க வாங்கினதுதான் யோசிக்க வேண்டியிருக்கு. எஸ்.ஐ. சார், இவரை உட்கார வைங்க.”

“ஆராய்ச்சி சோபா இங்க இல்லீங்களே,” என்றார் மரியஜோசப். “ஜீப் சீட்டு பரவாயில்லீங்களா சார்?”

சுகுணா அருக்காணியின் தோளில் கை வைத்தாள். “மன்னிச்சுக்கக்கா. தெரியாம கத்திப்போட்டேன்.”

அருக்காணி தலையை ஆட்டினாள். “மணி என்னாச்சுங்க? அவரைக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?”

“நான் போகாம யாரும் கூட்டிட்டுப் போக முடியாதும்மா,” என்றார் சத்யராஜ், இந்த முறை வாட்ச்சைப் பார்க்காமல்.

* * *

ஸ்டேஷன் பெஞ்சின் விளிம்பில் சித்தன் உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது. மனைவியைப் பார்த்ததும் எழுந்தவர், பின்னால் வந்த சத்யராஜைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“எந்திரிங்க மாமா,” என்றாள் அருக்காணி. “உட்டுட்டாங்க.”

“திருடன் கெடைச்சுட்டானா?”

“திருட்டே நடக்கலீங்க,” என்றாள் சுதாராணி. “உங்க கொட்டாய்க்குள்ள ஆடியில இருந்து நாத்தே இல்ல. ஒரு விடியக்காலைல நீங்க ஊட்டுக்குப் போயிருந்தப்ப சாரே ஆளை வெச்சு ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நீங்க காவல் காத்தது வெறும் புல்லுக்குத்தான்.”

“வெறும் புல்லுக்கா?”

“அந்த மழையிலயும்,” என்றாள் அருக்காணி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. “மாட்டுக்காச்சும் அறுத்துப் போட்டிருக்கலாம்.”

சித்தன் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். மரியஜோசப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுதாராணி அவர் காலை மிதித்தாள்.

“சாமி,” என்றார் சித்தன் கடைசியில், சுதாராணியைப் பார்த்து. “அப்ப நான் காவல் நின்ன நேரத்துல ஒரு நாத்துகூடக் களவு போகலீங்களே?”

“ஒண்ணுகூடப் போகல.”

“நான் தூங்கவும் இல்லீங்களே?”

“இல்லீங்க.”

அவர் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு சத்யராஜின் மேஜைக்கு முன்னால் போய் நேராக நின்றார்.

“ஐயா, அதை ஒரு பேப்பர்ல எழுதி, சீலு போட்டுக் குடுத்துருங்க.”

“எதுக்குய்யா?”

“அறக்கட்டளைதான் இனி இல்லீங்களே. நாளைக்கு ஒரு எஸ்டேட்டுல போய்க் காவல் வேலை கேக்கோணும். காமிக்க ஏதாச்சும் வேணுமுங்களே?”

சத்யராஜ் பேனாவைத் தேடினார்.